எத்தனால் ஏன் குழாயில் வருவதில்லை? வடிப்பாலையிலிருந்து பங்க் வரை ஓர் எரிபொருளின் பாதை

கோவையை அடுத்த இருகூர் எண்ணெய் டெர்மினலுக்கு, அதாவது எரிபொருளைச் சேமித்துப் பங்குகளுக்கு அனுப்பும் கிடங்குக்கு, கொச்சியிலிருந்து பெட்ரோல் நிலத்தடிக் குழாயில் வந்து சேர்கிறது. அதில் ஐந்தில் ஒரு பங்காகக் கலக்க வேண்டிய எத்தனால், அதாவது கரும்பிலிருந்தும் தானியத்திலிருந்தும் எடுக்கும் ஆல்கஹால், டேங்கர் லாரியில் வருகிறது. இந்தியாவில் எந்த டெர்மினலை எடுத்துக்கொண்டாலும் ஏறக்குறைய இதே கதைதான். பெரிய அளவில் எரிபொருளைக் கொண்டுசெல்ல லாரியைவிடக் குழாய் மலிவு, விபத்தும் குறைவு. அப்படியிருந்தும் எத்தனாலுக்கு அந்த வழி கிடைக்கவில்லை. இதற்கான காரணங்களைப் புரிந்துகொண்டால், உயிரி எரிபொருளை மக்களிடம் கொண்டுசேர்ப்பதில் உள்ள சிக்கல்களில் பெரும்பகுதி விளங்கிவிடும்.

இந்தியாவில் எத்தனால் கலப்பு 2003 ஜனவரியில் 9 மாநிலங்களிலும் 4 யூனியன் பிரதேசங்களிலும் 5 சதவீதத்தில் தொடங்கியது. அந்த முதல் பட்டியலிலேயே தமிழ்நாடு இருந்தது. நாடு தழுவிய சராசரி 10 சதவீதத்தைத் தொட 2022 ஜூன் வரை ஆனது. 2023 பிப்ரவரியில் சில பெட்ரோல் பங்குகளில் இ20, அதாவது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல், விற்பனைக்கு வந்தது. 2025-ல் நாடு முழுவதும் 20 சதவீதம் எட்டப்பட்டது. இருபது ஆண்டுகளில் வந்த மாற்றத்தின் பெரும்பகுதி கடைசி ஐந்தாறு ஆண்டுகளில் நடந்திருக்கிறது. சாலை, தொட்டி, கேஸ்கெட், தீயணைப்பு நுரை என எல்லாமே அதே வேகத்தில் மாறியாக வேண்டும்.

எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது தண்ணீர்

பெட்ரோலும் தண்ணீரும் சேராது. பெட்ரோல் தொட்டிக்குள் கொஞ்சம் தண்ணீர் புகுந்தால் அது அடியில் தங்கிவிடும். மேலே உள்ள பெட்ரோலுக்குக் கெடுதல் இல்லை. அடித்தண்ணீரை அவ்வப்போது வடித்துவிட்டால் போதும். பெட்ரோலியத் தொழிலின் தொட்டிகள், குழாய்கள், பங்க் நடைமுறைகள் எல்லாம் இந்த இயல்பை நம்பித்தான் உருவாகின.

எத்தனால் அப்படியல்ல. அது தண்ணீரோடு எந்த விகிதத்திலும் கலக்கும், பெட்ரோலோடும் கலக்கும். இரண்டும் ஒரே தொட்டியில் இருந்தால் தண்ணீரைத்தான் அதிகம் நாடும். இதனால்தான் சிக்கல்.

கரும்பு மொலாசஸ் (சர்க்கரை எடுத்தபின் மிஞ்சும் பாகு), கரும்புச் சாறு, மக்காச்சோளம், உடைந்த அரிசி ஆகியவற்றைப் புளிக்கவைத்துக் காய்ச்சி வடித்தால் எத்தனாலின் செறிவு எடைக்கணக்கில் 95.6 சதவீதத்தில் நின்றுவிடுகிறது. சாதாரண வடிப்பில் அதற்கு மேல் தண்ணீர் பிரியாது. மீதித் தண்ணீரை எடுக்க, மூலக்கூறுச் சல்லடை எனப்படும் ஜியோலைட் மணிகள் நிரப்பிய கலன் வழியே ஆவியைச் செலுத்துகிறார்கள். அதன் பிறகுதான் எத்தனால் 99.5 சதவீதத்தைத் தாண்டுகிறது. பெட்ரோலில் கலக்க அந்தத் தரம் வேண்டும். இவ்வளவு பாடுபட்டு வெளியேற்றிய தண்ணீர் வழியில் திரும்பிவராமல் காப்பதுதான் இந்தப் போக்குவரத்தின் தலையாய வேலை.

திரும்பி வந்தால் என்ன ஆகும்? 10 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் 15 டிகிரி வெப்பநிலையில் தன் பருமனில் ஏறத்தாழ 0.5 சதவீதம் வரை தண்ணீரைக் கரைத்து வைத்துக்கொள்ளும். 10,000 லிட்டருக்கு 50 லிட்டர். அதுவரை கண்ணுக்கு எதுவும் தெரியாது. வரம்பைத் தாண்டியதும் தண்ணீர், எத்தனாலையும் தன்னோடு இழுத்துக்கொண்டு அடியில் தனி அடுக்காக இறங்கிவிடும். இதைத்தான் அடுக்குப் பிரிவு என்கிறார்கள். மேலே மிஞ்சும் பெட்ரோல் எத்தனாலை இழந்ததால் அதன் ஆக்டேன் எண் (இயந்திரத்தில் தட்டல் இல்லாமல் எரியும் திறனின் அளவு) குறைந்துவிடும். கீழே கிடப்பது தண்ணீர் கலந்த சாராயம், இயந்திரத்துக்கு ஆகாதது. இரண்டில் எதையும் விற்க முடியாது.

இந்த வரம்பு நிலையானதும் அல்ல. வெப்பநிலை இறங்கினால் வரம்பும் இறங்கும். சமவெளியில் தெளிவாக இருந்த எரிபொருள் மலையூரின் குளிர்ந்த இரவில் பிரியக்கூடும். எத்தனால் விகிதம் கூடினால் தாங்கும் தண்ணீரின் அளவும் கூடும். அந்த வகையில் இ20 கொஞ்சம் பொறுமைசாலி. பிரிந்துவிட்டால் இழப்பு பெரிது. 10,000 லிட்டர் இ20-ல் 2,000 லிட்டர் எத்தனால் இருக்கிறது, அதில் பெரும்பகுதி அடிக்குப் போய்விடும்.

இதைக் கண்ணால் பார்க்க எளிய வழி உண்டு. ஆய்வகத்தில் அளவுக் குழாயில் 50 மில்லி லிட்டர் இ20 எடுத்து 10 மில்லி லிட்டர் தண்ணீர் சேர்த்துக் குலுக்கி நிறுத்தினால், அடியில் 10-க்குப் பதில் 20 மில்லி லிட்டருக்கு அருகில் ஓர் அடுக்கு நிற்கும். கூடுதலாகத் தெரிவது பெட்ரோலை விட்டு இறங்கிய எத்தனால். எரிபொருளில் எத்தனால் எவ்வளவு இருக்கிறது என்று தோராயமாக அறியவும் இதே சோதனைதான். நெருப்பு, மின்பொறி எதுவும் அருகில் இல்லாத இடத்தில், பயிற்சி உள்ளவர் மட்டுமே செய்ய வேண்டியது.

குழாய் ஏன் ஒத்துவரவில்லை

எண்ணெய்க் குழாய்களில் டீசல், பெட்ரோல், மண்ணெண்ணெய், விமான எரிபொருள் என ஒன்றன்பின் ஒன்றாக அனுப்புகிறார்கள். அந்தக் குழாய்களிலும் அவற்றின் தொட்டிகளிலும் சிறிதளவு தண்ணீர் எப்போதும் இருக்கும். கூரை மிதக்கும் தொட்டியின் ஓரத்தில் கசியும் மழைநீர், ஈரக்காற்றிலிருந்து படிவது, சரக்கோடு கரைந்து வந்து குளிர்ந்ததும் பிரிவது என்று பல வழிகளில் அது சேரும். பெட்ரோலியப் பொருள்கள் அதைப் பொருட்படுத்துவதில்லை. எத்தனாலை உள்ளே விட்டால் வழியெங்கும் கிடக்கும் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டே போய், மறுமுனையில் தரம் தவறி வெளியே வரும்.

இரண்டாவது, எத்தனால் நல்ல கரைப்பான். பல ஆண்டுகளாகக் குழாய்ச் சுவரில் படிந்த பிசினையும் துருவையும் பெயர்த்துக்கொண்டு போகும். அந்த அழுக்கு எத்தனாலையும் கெடுக்கும், பின்னால் வரும் பொருளையும் கெடுக்கும். பின்னால் வருவது விமான எரிபொருளாக இருந்தால் யாரும் அதற்குச் சம்மதிக்க மாட்டார்கள்.

மூன்றாவது காரணத்துக்கு நான் அதிக எடை தருவேன், ஏனென்றால் அது வெளியே தெரியாமல் வேலை செய்வது. அழுத்த அரிப்பு விரிசல் என்று அதற்குப் பெயர். எரிபொருள் தர எத்தனாலில் காற்றின் ஆக்சிஜன் கரைந்திருந்து, கார்பன் எஃகில் இழுவிசையும் இருந்தால், பற்றவைத்த இடங்களை ஒட்டி முடிபோன்ற விரிசல்கள் விழுகின்றன. சுவர் தேய்வதில்லை, துரு தெரிவதில்லை. ஒருநாள் கசியும்போதுதான் வெளிப்படும். அமெரிக்காவில் 1990-கள் முதல் இது பதிவாகியிருக்கிறது. 2003-ல் அமெரிக்க பெட்ரோலிய நிறுவனம் இதற்கென்றே தனி அறிக்கை வெளியிட்டது. கவனிக்க வேண்டிய செய்தி, எத்தனால் தயாராகும் ஆலைத் தொட்டிகளில் இந்த விரிசல் காணப்படவில்லை. வழியில் ஏற்றி இறக்கிக் காற்றோடு கலந்த பிறகு அது வந்து தங்கும் டெர்மினல் தொட்டிகளிலும் அவற்றின் குழாய்களிலும்தான் காணப்பட்டது. ஆக்சிஜன்தான் முக்கியக் குற்றவாளி என்பதற்கு அதுவும் ஒரு சான்று. எத்தனாலில் சுமார் 5 சதவீதம் தண்ணீர் இருந்தால் இந்த விரிசல் வருவதில்லை. ஆனால் அந்த எத்தனாலைப் பெட்ரோலில் கலக்க முடியாது.

தீர்வு இல்லாமல் இல்லை. பற்றவைத்த இடத்தைச் சூடாக்கி உள்ளிழுவிசையை நீக்கலாம், தொட்டியின் உட்புறம் எப்பாக்சி பூசலாம், ஆக்சிஜன் சேராமல் தடுக்கலாம், தடுப்பு வேதிப்பொருள் சேர்க்கலாம். புளோரிடாவில் தம்பாவிலிருந்து ஆர்லாண்டோவுக்குச் செல்லும் பெட்ரோல் குழாயில் 2008-ல் எத்தனால் அனுப்பத் தொடங்கினார்கள். அதற்கு முன் குழாயை உட்புறம் சுத்தம் செய்து, ஒத்துவராத சீல்களை மாற்ற வேண்டியிருந்தது. பிரேசிலில் கரும்பு வட்டாரமான ரிபெய்ராவ் பிரேட்டோவிலிருந்து பவுலினியாவுக்கு எத்தனாலுக்கென்றே போட்ட குழாய் 2013-ல் இயங்கத் தொடங்கியது. பிரேசிலுக்கு ஒரு வசதி உண்டு. அங்கே தண்ணீர் நீக்காத எத்தனாலே நேரடியாகப் பங்கில் விற்கப்படுகிறது, அதை ஏற்கும் கார்கள் ஓடுகின்றன. வழியில் சேரும் ஈரம் அந்த எரிபொருளுக்குப் பெரிய சேதமில்லை.

இந்தியாவில் குழாய்களின் திசையே வேறு. துறைமுகத்திலிருந்தும் சுத்திகரிப்பு ஆலையிலிருந்தும் நகரங்களை நோக்கி அவை போகின்றன. எத்தனால் வருவது உத்தரப் பிரதேசம், மகாராஷ்டிரம், கர்நாடகம் போன்ற மாநிலங்களின் கரும்புப் பகுதிகளிலும் தானியப் பகுதிகளிலும் சிதறிக்கிடக்கும் நூற்றுக்கணக்கான வடிப்பாலைகளிலிருந்து. ஒரு வடிப்பாலையின் உற்பத்தி குழாய் போடும் அளவுக்குப் பெரிதல்ல. ஆக, லாரி.

லாரியில் ஏற்றுவது

முதலில் எண்ணிக்கைக் கணக்கு. ஒரு டெர்மினல் நாளொன்றுக்கு 600 கிலோ லிட்டர் பெட்ரோல் அனுப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். கலப்பு 5 சதவீதமாக இருந்தபோது அதற்கு 30 கிலோ லிட்டர் எத்தனால் போதும்: ஒரு பெரிய டேங்கர். 20 சதவீதத்தில் 120 கிலோ லிட்டர், நான்கு டேங்கர்கள். வாசலில் நிறுத்த இடம், இறக்கும் பம்புகள், மாதிரி எடுக்க ஆள், சேமிப்புத் தொட்டி எல்லாமே நான்கு மடங்கு வேண்டும். எத்தனாலின் ஆற்றலும் குறைவு. லிட்டருக்குச் சுமார் 21 மெகாஜூல், பெட்ரோலுக்கு 32. பெட்ரோல் இரண்டு லாரியில் கொண்டுவரும் ஆற்றலைக் கொண்டுவர எத்தனாலுக்கு மூன்று லாரி ஓட வேண்டும்.

டேங்கர் முன்பு எதைச் சுமந்தது என்பது அடுத்த கேள்வி. மொலாசஸ், சமையல் எண்ணெய், அமிலம், தண்ணீர் என எதன் எச்சம் இருந்தாலும் எத்தனால் அதைக் கரைத்துக்கொள்ளும். உப்பு வகைகள், குறிப்பாகச் சல்பேட்டும் குளோரைடும், பிறகு வாகனத்தின் இன்ஜெக்டரில் படிவாகச் சேரும். செம்பு போன்ற உலோகத் துணுக்குகள் பெட்ரோல் பிசினாவதைத் துரிதப்படுத்தும். எத்தனாலுக்கென்றே ஒதுக்கிய டேங்கர்தான் சரியான வழி. அது முடியாதபோது கழுவியது மட்டும் போதாது, உலர்த்தியிருக்கவும் வேண்டும். கழுவிய தண்ணீர் வால்வுக்கு அடியிலும் குழாய் வளைவிலும் தங்குவது மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு.

வால்வும் ஹோஸும் எதனால் ஆனவை என்றும் பார்க்க வேண்டும். துத்தநாகப் பூச்சு, அலுமினியம், பித்தளை, ஈயப் பற்று ஆகியவற்றை எத்தனால் மெல்ல அரிக்கும். பெட்ரோலுக்குப் பழகிய சில ரப்பர்கள் ஊறி உப்பி, பிறகு காய்ந்து வெடிக்கும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், டெஃப்லான், விட்டான் வகை ஃப்ளோரோ ரப்பர் ஆகியவை தாங்கும்.

தீ ஆபத்தைப் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். பெட்ரோலைவிட எத்தனால் மெதுவாக ஆவியாகிறது, ஆகவே ஆபத்து குறைவு என்ற எண்ணம் உண்டு. மூடிய தொட்டிக்குள் நிலைமை தலைகீழ். பெட்ரோலுக்கு மேலே உள்ள காலியிடத்தில் ஆவி மிக அடர்த்தியாக இருப்பதால் வழக்கமான வெப்பநிலையில் அங்கே தீப்பற்றப் போதிய காற்று இருக்காது. தனி எத்தனாலுக்கு மேலே உள்ள காலியிடத்தில், சுமார் 12 டிகிரி முதல் 42 டிகிரி வரை, ஆவியும் காற்றும் பற்றக்கூடிய விகிதத்திலேயே நிற்கும். தமிழ்நாட்டில் ஆண்டின் ஏறக்குறைய எல்லா நாளும் அந்த எல்லைக்குள்தான் வருகிறது. காற்றில் பற்றக்கூடிய வரம்பும் அகலம்: பெட்ரோல் ஆவிக்கு ஏறத்தாழ 1.4 முதல் 7.6 சதவீதம், எத்தனாலுக்கு 3.3 முதல் 19 சதவீதம். எனவே ஏற்றும்போதும் இறக்கும்போதும் நிலைமின்சாரம் தேங்காமல் லாரியை எர்த் செய்வது, காற்றுக்குழாய் முனையில் தீத்தடுப்பு வலை வைப்பது, தொடக்கத்தில் மெதுவாகப் பாய்ச்சுவது எதையும் சடங்காக நினைக்கக் கூடாது. எத்தனால் எரியும் சுடர் வெளிர்நீலம். நல்ல வெயிலில் கண்ணுக்கு எளிதில் தெரியாது.

அணைப்பதும் வேறு. வழக்கமான தீயணைப்பு நுரையிலுள்ள தண்ணீரை எத்தனால் உறிஞ்சிவிடுவதால் நுரை கரைந்து போகும். பாலிமர் சேர்த்த, ஆல்கஹாலைத் தாங்கும் நுரைதான் மேலே படலம்போல் நிற்கும். நெடுஞ்சாலையில் எத்தனால் லாரி கவிழ்ந்தால் முதலில் வருவது அந்த ஊர் தீயணைப்பு நிலைய வண்டி. அந்த வண்டியில் எந்த நுரை இருக்கிறது என்பதை முன்கூட்டியே உறுதி செய்யாமல் எத்தனால் போக்குவரத்தைப் பெருக்குவது அந்த வீரர்களுக்கு நாம் செய்யும் அநீதி. அமெரிக்காவில் எத்தனால் பெரும்பாலும் ரயிலில் போகிறது. 2009 ஜூன் 19 அன்று இல்லினாய் மாநிலத்தின் செர்ரி வேலியில், கனமழையில் தண்டவாளத்தின் அடிமண் அரித்துப்போன இடத்தில் ரயில் தடம்புரண்டு எத்தனால் தீப்பிடித்தது. கிராசிங்கில் காத்திருந்த வாகனம் ஒன்றில் இருந்தவர் இறந்தார். அந்த ரயில் சுமந்த டாட்-111 வகை டேங்க் பெட்டிகளின் பலவீனம் அதன்பின் பெரிய விவாதமாகி, 2015-ல் தடித்த சுவரும் கூடுதல் காப்பும் கொண்ட புதிய தரம் வந்தது.

கொட்டினால் அள்ளுவதும் கடினம். டெர்மினலின் வடிகாலில் எண்ணெயைத் தண்ணீரிலிருந்து பிரிக்கும் தொட்டி உண்டு. பெட்ரோல் மிதக்கும், அதை வழித்தெடுக்கலாம். எத்தனால் தண்ணீரோடு கலந்து அந்தத் தொட்டியைக் கடந்து போய்விடும். அதனால் எத்தனால் இறக்கும் இடத்துக்குத் தனி அடைப்பும் தனிக் குழியும் வேண்டும்.

மாநில எல்லைகள் இன்னொரு சிக்கல். இது சாராயம்தான். வடிப்பாலையில் கலால் துறையின் கண்காணிப்பு, குடிக்க முடியாதபடி சேர்க்கப்படும் பொருள், வெளியேறவும் நுழையவும் தனித்தனி அனுமதி எனக் காகித வேலை நிறைய. 2016-ல் மத்திய அரசு சட்டத்தைத் திருத்தி எரிபொருள் எத்தனால் தன் கட்டுப்பாட்டில் இருப்பதாகத் தெளிவுபடுத்தியது. 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, தொழிற்சாலை ஆல்கஹால் மீதும் மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு என்று தீர்ப்பளித்தது. அனுமதி ஒரு நாள் தாமதமானால் லாரி எல்லையில் நிற்கும். மறுபக்கம் டெர்மினலில் கையிருப்பு கரையும்.

டெர்மினல் வாசலில்

லாரி வந்ததும் சீல் எண்களைக் காகிதத்தோடு ஒப்பிடுகிறார்கள். கொஞ்ச நேரம் ஆடாமல் நிறுத்திவைத்து டேங்கரின் ஒவ்வொரு சேம்பரிலும் (தனித் தடுப்பறையிலும்) அளவு பார்த்து, மாதிரி எடுக்கிறார்கள். அடியிலிருந்தும் மாதிரி எடுப்பது அவசியம். கண்ணாடிக் குழாயில் தெளிவாக, துகளின்றி இருக்க வேண்டும். அடுத்து அடர்த்தி பார்க்கும் ஹைட்ரோமீட்டரும் வெப்பநிலை பார்க்கும் தெர்மாமீட்டரும். தூய எத்தனாலின் ஒப்படர்த்தி (தண்ணீரை 1 என்று வைத்த அடர்த்தி) 15.6 டிகிரியில் சுமார் 0.794, தண்ணீர் 5 சதவீதம் சேர்ந்தால் அது 0.816 ஆகிவிடும். வழியில் திருடிவிட்டுத் தண்ணீர் ஊற்றி அளவைச் சரிக்கட்டினால் இங்கேயே மாட்டிக்கொள்ளும். நூற்றில் ஒரு பங்குக்கும் குறைந்த ஈரத்தைக் கண்டுபிடிக்க ஹைட்ரோமீட்டர் போதாது. அதற்கு, வேதிவினை மூலம் ஈரத்தை அளக்கும் கார்ல் ஃபிஷர் முறையில் ஆய்வகச் சோதனை வேண்டும்.

அளவுச் சண்டை வரும் இடமும் இதுதான். எத்தனால் ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறத்தாழ 0.11 சதவீதம் விரிகிறது. 30,000 லிட்டரை மதிய வெயிலில் ஏற்றி, 10 டிகிரி குறைந்த அதிகாலையில் இறக்கினால் சுமார் 330 லிட்டர் குறைவாகத் தெரியும். யாரும் திருடவில்லை. இரு பக்கமும் வெப்பநிலையைக் குறித்து, ஒரே அடிப்படை வெப்பநிலைக்குத் திருத்தி ஒப்பிட்டால் சந்தேகம் தீரும். வெப்பநிலையைக் குறிக்காமல் விட்டால் ஓட்டுநர் மீது வீண்பழி விழும்.

எத்தனால் தொட்டிக்கு மேலே நிலையான கூரையும் உள்ளே மிதக்கும் கூரையும் இருப்பது நல்லது. மழை நேரடியாகப் படும் வெளி மிதவைக் கூரை இதற்கு ஏற்றதல்ல. தொட்டி மூச்சுவிடும் குழாயில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் வைப்பதும் உண்டு. கரும்பு ஆலைகள் ஆண்டில் சில மாதங்கள்தான் அரைக்கின்றன, பெட்ரோல் ஆண்டு முழுவதும் விற்கிறது. அந்த இடைவெளியை நிரப்பவும் தொட்டி வேண்டும். மூலப்பொருள் மாறினால் பாதையும் மாறும். 2023 டிசம்பரில் கரும்புச் சாற்றிலிருந்து எத்தனால் எடுக்க மத்திய அரசு கட்டுப்பாடு விதித்ததும் மக்காச்சோள எத்தனாலின் பங்கு உயர்ந்தது. அதனால் லாரிகள் புறப்படும் ஊர்களும் மாறின.

கலப்பது இங்கே, கடைசி வாசலில். பங்குக்குப் போகும் லாரியில் பெட்ரோல் நிரப்பும்போதே கட்டுப்பாட்டு வால்வு ஒன்று, பாயும் ஒவ்வொரு 80 லிட்டருக்கும் 20 லிட்டர் எத்தனாலைக் குழாய்க்குள் செலுத்துகிறது. ஓட்டத்திலேயே கலந்துவிடும். தனித்தனியாக லாரியில் ஊற்றி, பயணக் குலுக்கலில் கலக்கட்டும் என்று விடும் முறையும் உண்டு. அதில் சேம்பருக்குச் சேம்பர் விகிதம் மாறும். எத்தனால் பெட்ரோலைவிடக் கனம் என்பதால் முதலில் ஊற்றியது அடியிலேயே தங்கப் பார்க்கும். எத்தனாலின் தனி ஆவியழுத்தம் (எவ்வளவு எளிதில் ஆவியாகிறது என்பதன் அளவு) குறைவாக இருந்தாலும், பெட்ரோலில் கலந்ததும் கலவையின் ஆவியழுத்தம் உயர்கிறது. 10 சதவீதக் கலப்பில் இந்த உயர்வு சுமார் 7 கிலோ பாஸ்கல். அதனால் கலக்கப்போகும் பெட்ரோலையே சுத்திகரிப்பு ஆலை அதற்கேற்ப ஆவியழுத்தம் குறைத்துத் தயாரிக்க வேண்டும்.

பயோடீசலின் தொல்லைகள் வேறு

இன்னொரு உயிரி எரிபொருளான பயோடீசல், அதாவது தாவர எண்ணெய் போன்றவற்றிலிருந்து செய்யும் டீசல், எத்தனாலைப்போல் பெரிய அளவில் தண்ணீரை இழுப்பதில்லை, எளிதில் தீப்பற்றுவதும் இல்லை. அதன் பகை குளிர். பாமாயிலில் செய்த பயோடீசல் 13 முதல் 16 டிகிரியிலேயே மங்கத் தொடங்கும், மெழுகுத் துகள் ஃபில்டரை அடைக்கும். அதைக் கொண்டுசெல்லும் டேங்கருக்குக் குளிர் நாடுகளில் சூடேற்றும் குழாய் தேவைப்படுகிறது. தூய பயோடீசலை ஆறு மாதத்துக்கு மேல் வைத்திருப்பது நல்லதல்ல. காற்றில் புளித்து அமிலமாகும், செம்பும் பித்தளையும் தொட்டால் இன்னும் விரைவாக. அடித்தண்ணீர் இருந்தால் அதில் நுண்ணுயிர் வளர்ந்து சவ்வுபோல் படரும். குழாயில் அனுப்பினால் சுவரில் ஒட்டிக்கொண்டு அடுத்து வரும் விமான எரிபொருளில் கலக்கும். விமான எரிபொருளில் அனுமதிக்கப்படும் அளவு கிலோவுக்கு 5 மில்லி கிராமாக இருந்து, பிறகு 50 ஆக உயர்த்தப்பட்டது. அப்போதும் அது மிகக் கடுமையான வரம்புதான்.

பங்கில்

கடைசிக் கண்ணிதான் மிகவும் பலவீனமானது. டெர்மினலில் ஆய்வகம் இருக்கிறது, பொறியாளர்கள் இருக்கிறார்கள். பங்கில், தொட்டியின் மட்டம் பார்க்கும் கோலான ஒரு டிப் ராடும், காலை ஷிஃப்டுக்கு வந்த ஊழியரும் இருக்கிறார்கள்.

தண்ணீர் காற்றிலிருந்து உறிஞ்சப்படுகிறது என்று பரவலாகச் சொல்கிறார்கள். மூடிய நிலத்தடித் தொட்டியில் அது மிக மெதுவாக நடப்பது. பிரியும் அளவுக்குத் தண்ணீர் வருவது பெரும்பாலும் திரவமாகவே. நிரப்பு குழாயின் மூடியில் கேஸ்கெட் போயிருக்கும், மேன்ஹோல் குழியில் மழைநீர் தேங்கியிருக்கும், தொட்டியின் மேல் இணைப்பில் கசிவு இருக்கும், வெள்ளத்தில் காற்றுக்குழாய் முனை மூழ்கியிருக்கும். வடகிழக்குப் பருவமழைக்கு முன் இந்த நான்கு இடங்களையும் பார்த்துவிட்டால் பெரும்பாலான விபத்து நடக்காது. குழியில் தண்ணீர் நிற்கும்போது நிரப்பு மூடியைத் திறக்கவே கூடாது. முதலில் இறைத்துத் துடைக்க வேண்டும்.

பிரிவைக் கண்டுபிடிப்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. டிப் ராடின் நுனியில் தடவும் வாட்டர் பேஸ்ட் தனித் தண்ணீர் பட்டால் நிறம் மாறும். அடுக்குப் பிரிவில் அடியில் இருப்பது தனித் தண்ணீர் அல்ல, எத்தனால் மிகுந்த கலவை. பழைய வகை பேஸ்ட் அதில் நிறம் மாறாமலே வெளியே வரலாம். ஆல்கஹால் கலந்த எரிபொருளுக்கென்று வரும் பேஸ்ட்தான் வாங்க வேண்டும். தானியங்கி அளவுமானியில் தண்ணீரைக் காட்டும் மிதவைக்கும் இதே குறை: அது பெட்ரோலின் 0.74-க்கும் தண்ணீரின் 1.0-க்கும் இடையிலான பெரிய அடர்த்தி வித்தியாசத்தை எதிர்பார்க்கிறது. இடைப்பட்ட அடர்த்தியுள்ள கலவையில் மிதவை எழாமல் கிடந்துவிடும். எத்தனாலுக்கேற்ற மிதவை தனியாகக் கிடைக்கிறது.

புதிதாக அதிகக் கலப்புக்கு மாறும் பங்கில் முதல் சில வாரங்களில் ஃபில்டர் அடிக்கடி அடைக்கும். எரிபொருளில் கோளாறு இருக்க வேண்டியதில்லை. தொட்டியில் பல ஆண்டாகப் படிந்த துருவையும் பிசினையும் எத்தனால் பெயர்த்து அனுப்புகிறது. மாறுவதற்கு முன்பே தொட்டியைக் காலிசெய்து சுத்தப்படுத்தி, அடித்தண்ணீரை முழுதும் எடுத்துவிட்டால் இது குறையும். தண்ணீர் பட்டால் உப்பி ஓட்டத்தை நிறுத்திவிடும் ஃபில்டர்கள் உண்டு. நாசிலில் வேகம் திடீரென்று குறைந்தால் ஃபில்டரைக் கழற்றிப் போட்டுவிட்டு விற்பனையைத் தொடர்வது மிக மோசமான முடிவு, அந்த ஃபில்டர் எச்சரிக்கைதான் தருகிறது.

விற்பனை மந்தமான ஊர்ப்புற பங்குகளில் இன்னொரு கவனம் வேண்டும். சரக்கு பல நாள் நிற்கும், மட்டம் தாழ்ந்தே இருக்கும். பம்பு உறிஞ்சும் வாய் தொட்டியின் அடியிலிருந்து ஒரு சாண் உயரத்தில்தான் இருக்கிறது. பிரிந்த அடுக்கு அந்த உயரத்தை எட்டிவிட்டால் நாசிலில் வருவது பெட்ரோல் அல்ல. வண்டி பங்கை விட்டுச் சில நூறு மீட்டர் போய் நிற்கும்.

பிரிவு நேர்ந்துவிட்டது என்று சந்தேகம் வந்த கணமே அந்தத் தொட்டியின் எல்லா நாசிலையும் நிறுத்த வேண்டும். மேலே, நடுவே, அடியில் எனத் தனித்தனி மாதிரி எடுத்து அடர்த்தி பார்த்து எழுதி வைக்க வேண்டும். புதிய பெட்ரோல் ஊற்றிக் கலக்கிச் சரிசெய்யும் முயற்சி வேண்டாம். தண்ணீர் உள்ளேயே இருக்கும்வரை அது மறுபடி பிரியும், கெட்ட சரக்கின் அளவுதான் பெருகும். எண்ணெய் நிறுவனத்துக்குத் தகவல் கொடுத்து முழுதையும் உறிஞ்சி எடுத்து டெர்மினலுக்கோ முறையான அழிப்புக்கோ அனுப்ப வேண்டும். தண்ணீர் நுழைந்த வழியைக் கண்டுபிடிக்காமல் தொட்டியை நிரப்பக் கூடாது: மூடி, மேன்ஹோல், காற்றுக்குழாய், நிரப்பு குழாய் இணைப்பு என்ற வரிசையில் அழுத்தச் சோதனையோடு பார்க்க வேண்டும். பிறகு தொட்டியைத் துடைத்து உலர்த்தி, ஃபில்டரை மாற்றி, குழாயில் தங்கிய பழையதை முழுதும் வெளியே எடுத்து, முதல் மாதிரியின் அடர்த்தி லாரி காகிதத்திலுள்ள எண்ணோடு பொருந்திய பின் நாசிலைத் திறக்கலாம். கடைசியாக நல்ல அளவு பதிவான நேரத்துக்கும் நிறுத்திய நேரத்துக்கும் இடையே எரிபொருள் போட்டவர்களின் ரசீதுகளை எடுத்து, அவர்களை அழைத்துச் சொல்வதும் அதே நாளில் முடிய வேண்டிய வேலை.